நாலு துளை

பாடகி இறந்த மூன்றாம் நாள் காலையில் வாசல் கேட்டைத் திறக்கப் போன குண்டூசியால் அதைத் திறக்க முடியவில்லை. அந்தப் பக்கம் அவ்வளவு பூ. கம்பி இடுக்குகளில் செருகியிருந்தார்கள், கீழே முழங்கால் உயரத்துக்குக் குவித்திருந்தார்கள், இடம் கிடைக்காதவர்கள் தபால் பெட்டிக்குள் திணித்துவிட்டுப் போயிருந்தார்கள். இதே கேட்டில் ஒன்பது வருஷத்துக்கு முன்னால் அழுகின தக்காளி வழிந்தது. அன்றைக்கு வாளியும் பிரஷ்ஷுமாகப் போய்க் கழுவிவிட்டது குண்டூசிதான். இன்றைக்குப் பூவை ஒதுக்கி ஓர் ஆள் நுழைய வழி பண்ணினதும் அவள்தான். ஊர் எதை எறிந்தாலும் அள்ளுவதற்கு ஒருத்தி வேண்டுமே.

யானை இருந்தாலும் ஆயிரம் பொன், இறந்தாலும் ஆயிரம் பொன் என்பார்கள். பாடகி விஷயத்தில் அந்தக் கணக்கு உதைத்தது. கடைசி ஒன்பது வருஷம் உயிரோடு இருந்தபோது அவருக்கு ஊரில் காலணா மதிப்பு கிடையாது. எதிர் மருந்துக்கடைக்காரர், அந்த வீட்டுக்கெல்லாம் மாத்திரை கொண்டுவந்து கொடுக்க ஆள் இல்லை என்று போனை வைத்தவர், இப்போது கடை வாசலில் பாடகியின் படத்தை மாட்டி அதற்குக் கீழே "எங்கள் தெருவின் குரல்" என்று எழுதி வைத்திருந்தார். குண்டூசி அதை நின்று படித்தாள். வீட்டுக்குள் வந்து ஒரு டம்ளர் தண்ணீர் குடித்துவிட்டு, அவரை மனசுக்குள் நாக்கைப் பிடுங்கிக்கொள்கிற மாதிரி நாலு கேள்வி கேட்டாள்.

குண்டூசி என்பது பெற்றவர்கள் வைத்த பேர் இல்லை, பாடகி வைத்தது. இருபத்தாறு வருஷத்துக்கு முன்னால் கடிதம் பிரிக்கிற வேலைக்கு அந்த வீட்டுக்குள் நுழைந்தாள். ஆள் ஒல்லி, தலையில் உருண்டையாக ஒரு கொண்டை, சட்டைக் கையில் எப்போதும் ஏழெட்டு குண்டூசி வரிசையாகக் குத்தியிருக்கும். பேர் வைக்க வேறு என்ன வேண்டும். அவள் பதிலுக்கு "அம்மா" என்று கூப்பிட்டபோது பாடகி முறைத்தார். அம்மா என்றால் தனக்கு வயசாகிவிடும், அக்கா என்று கூப்பிடு என்றார். பாடகியின் ஒரே மகள் அப்போது பள்ளிக்கூடம் போய்க்கொண்டிருந்தாள். அம்மாவுக்குத் தங்கை என்றால் தனக்குச் சித்தி என்று அவளாகவே முறை வைத்துக்கொண்டாள். சம்பளத்துக்கு வந்த இடத்தில் இப்படி ஓர் அக்காவும் ஒரு மகளும் அவளுக்கு ஒட்டிக்கொண்டார்கள். அவளுக்கென்று வேறு யாரும் இல்லை.

வேலைக்கு ஓர் ஒழுங்கு உண்டு. பத்து மணிக்குத் தபால் வரும். ஒவ்வோர் உறையையும் குண்டூசி குறுகிய பக்கமாகக் கத்தியால் கீறுவாள், உள்ளே இருப்பதை எடுப்பாள், கடிதத்தையும் உறையையும் சேர்த்து இடது மூலையில் ஒரு குண்டூசி குத்துவாள். ஊசி உள்ளே போய் வெளியே வரும். எல்லாவற்றையும் குத்தி அடுக்கின பிறகுதான் படிப்பாள். பாடகிக்கு உறையும் வேண்டும். எந்த ஊர் முத்திரை, என்ன தபால்தலை, பின்பக்கம் விலாசத்தை எப்படி எழுதியிருக்கிறார்கள் என்று திருப்பித் திருப்பிப் பார்ப்பார். பிறகு தன் கையாலேயே பதில் எழுதி, தானே ஒட்டி, தானே விலாசம் எழுதி வீட்டுக் கார் ஓட்டுகிற டிரைவர் அண்ணனிடம் கொடுத்துவிடுவார். வருவதைப் பிரிக்கத்தான் உனக்குச் சம்பளம், போவதைப் பிரிக்க இல்லை என்று குண்டூசியிடம் சொல்லியிருந்தார். குண்டூசியும் போகிற கடிதம் எதையும் விரலால்கூடத் தொட்டதில்லை.

அப்புறம் அந்த நாள் வந்தது. பாடகியோடு இருபது வருஷம் சேர்ந்து பாடிய ஜோடிப் பாடகர் ஆஸ்பத்திரியில் கிடந்தார். அவர் இறந்த செய்தி வந்தபோது பாடகி மேடைக்குப் பின்னால் தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தார். டம்ளரைக் கீழே வைத்துவிட்டு மேடைக்குப் போனார். இரண்டரை மணி நேரம் பாடினார். வெளியே வந்தவரிடம் மைக்கை நீட்டிக் கேட்டவர்களுக்கு, "நான் பாடாம இருந்திருந்தா அவர் எழுந்திருப்பாரா?" என்று பதில் சொன்னார். அவ்வளவுதான். ஊர் அந்த ஒரு வரியைப் பிடித்துக்கொண்டது. பிணத்தின் மேல் ஏறி நின்று பாடியவள் என்று பேர் வந்தது. ஏன் பாடினார் என்று அவர் யாரிடமும் சொல்லவில்லை. குண்டூசிக்கும் தெரியாது. தெரியாததைத் தெரிந்ததாகச் சொல்ல இந்தக் கதைக்கும் உரிமை இல்லை.

தக்காளி ஒரு வாரத்தில் நின்றுவிட்டது. கடிதம் நிற்கவில்லை. ஒரு நாளைக்கு முப்பது, நாற்பது. உன் தொண்டை அழுகட்டும் என்று ஒருவர். நீ சாகிறபோது உன் பக்கத்தில் யாராவது பாடட்டும் என்று இன்னொருவர். முதல் நாள் குண்டூசி எல்லாவற்றையும் மாடிப்படிக்குக் கீழே இருந்த பழைய பேப்பர் சாக்கில் போட்டுவிட்டு, இன்றைக்குத் தபால் இல்லை அக்கா என்றாள். மறுநாளும் இல்லை என்றாள். மூன்றாம் நாள் பாடகி ஜன்னல் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்து, "ஒருத்தர்கூடவா எழுதல, குண்டூசி?" என்று கேட்டார். கேட்ட விதம்தான் அவளைச் சாய்த்தது. அந்தக் குரலில் அதிகாரம் துளிகூட இல்லை. அக்காவை அப்படி அவள் அதுவரைக்கும் பார்த்ததில்லை.

அன்று மத்தியானம் பாடகி தூங்கின பிறகு, குண்டூசி தன் மேஜையில் உட்கார்ந்து திட்டுக் கடிதம் ஒன்றிலிருந்து ஊசியை உருவினாள். கடிதத்தைச் சாக்கில் போட்டாள். உறை மட்டும் மிச்சம் இருந்தது. முத்திரை நிஜம், விலாசம் நிஜம். அதே கையெழுத்தை இரண்டு தடவை எழுதிப் பழகிக்கொண்டு, "காலையில் உங்கள் பாட்டைக் கேட்டுவிட்டுத்தான் கடை திறக்கிறேன்" என்று ஒரு தாளில் எழுதி, அந்த உறையோடு சேர்த்துக் குத்திக் கொண்டுபோய்க் கொடுத்தாள். பாடகி படித்தார். உறையைத் திருப்பிப் பார்த்தார். பேனாவை எடுத்துப் பதில் எழுத உட்கார்ந்தார்.

பதில் போகும் என்பதை அவள் யோசிக்கவே இல்லை. சாபம் எழுதின ஆளுக்கு நன்றி என்று கடிதம் போனால் அவன் என்ன நினைப்பான் என்று ஒரு வாரம் அவளுக்குச் சாப்பாடு இறங்கவில்லை. யாரும் சண்டைக்கு வரவில்லை. கொஞ்சம் கொஞ்சமாகக் குளிர் விட்டுப்போனது. நாளுக்கு மூன்று, சில நாள் நாலு என்று எழுதினாள். இடது கையால் எழுதினால் எண்பது வயசுப் பெரியவர் வந்துவிடுவார். பேனாவை நிமிர்த்திப் பிடித்தால் கல்லூரிப் பெண். இப்படி நாலு வருஷம், ஊருக்குப் பதிலாக அவள் ஒருத்தியே அக்காமேல் பிரியமாக இருந்தாள்.

எல்லாரையும்விட அதிகமாகப் படுத்தியவர் பச்சை மைக்காரர். செவ்வாய்க்கிழமை தவறாமல் அவர் கடிதம் வரும், நாலு பக்கம், பச்சை மையில். அவருக்காகவே குண்டூசி ஒரு பச்சைப் பேனா வாங்கினாள். ஒரு நாள் பாடகி சும்மா இருக்காமல் அவளிடம் பச்சைப் பேனா இருக்கிறதா என்று கேட்டார். இல்லை என்றாள். பாடகி அவள் விரலைப் பார்த்தார். விரல் முழுக்கப் பச்சை. காய் நறுக்கினேன் என்றாள். என்ன காய் என்று பாடகி கேட்கவில்லை. அவள் கும்பிடாத தெய்வம் இல்லை அன்றைக்கு.

முக்கால் வருஷம் போனதும் பச்சை மைக்காரர் கொஞ்சம் திருந்தினார். கடிதத்தின் தலைப்பில் இரண்டு வரி நல்லதாக எழுத ஆரம்பித்தார். "நேற்று ரேடியோவில் உங்கள் பழைய பாட்டு வந்தது, சுருதி சுத்தம்" என்பார். மூன்றாவது வரியிலிருந்து பழையபடி, நீயெல்லாம் மனுஷியா. குண்டூசிக்குப் பெரிய நிம்மதி. கத்தரிக்கோலால் மேல் இரண்டு வரியை மட்டும் வெட்டி, வேறொரு தாளில் ஒட்டிக் கொடுத்துவிடுவாள். கல்லும் கரையும் என்று நினைத்துக்கொண்டாள்.

இதெல்லாம் பழைய கதை. அப்புறம் திட்டுகிறவர்களுக்கும் அலுத்துவிட்டது, ஊருக்குத் திட்ட வேறு ஆள் கிடைத்தது, பாடகி அந்த ஜன்னல் பக்கத்திலேயே கிழவியாகி, ஒரு நாள் தூக்கத்தில் போய்ச்சேர்ந்தார். டிரைவர் அண்ணன் அதற்கு முன்னாலேயே போய்விட்டார். கதை அதோடு முடிந்திருக்க வேண்டும்.

இறந்து ஒரு வாரத்தில் ஒரு பத்திரிகையில் கடிதம் ஒன்று வந்தது. எழுதியது பாடகி. அது வந்து சேர்ந்தது ஒரு பஸ் டிரைவருக்கு. "நான் அவர் தொண்டை அழுகட்டும் என்று எழுதினேன். அதற்கு அவர் அனுப்பிய பதிலைப் பாருங்கள்" என்று சொல்லியிருந்தார். பதில் இதுதான்: "உங்கள் கடிதம் கிடைத்தது. நேரம் ஒதுக்கி எழுதியதற்கு நன்றி. உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள்."

அதைப் படித்துவிட்டு ஊர் உருகியது. மறுநாள் இன்னும் ஐந்து பேர் பதில்களைக் கொண்டுபோய்க் கொடுத்தார்கள். அந்த வாரத்துக்குள் நாற்பத்து மூன்று பேர். ஒன்பது வருஷம் அலமாரிக்கு அடியில் கிடந்த கடிதங்கள் கண்ணாடிச் சட்டத்துக்குள் போயின. திட்டினவர்கள் திட்டினதைக் கொஞ்சம் பெருமையாகவே சொல்லிக்கொண்டார்கள். நான் எழுதினது ரொம்ப மோசமான கடிதம், இருந்தும் எனக்கு நன்றி சொன்னார் என்று டிவியில் ஒரு பெண்மணி அழுதாள். யார் அதிகமாகத் திட்டினார்களோ அவர்களுக்குக் கூட்டம் அதிகம். பிணத்தின் மேல் ஏறிப் பாடியவள் என்ற பேர் போய், சாபத்துக்கு நன்றி சொன்ன மகராசி என்று ஆகிவிட்டது.

குண்டூசி ஒவ்வொரு நாளும் பத்திரிகையைப் பிரித்துப் படித்தாள். பஸ் டிரைவர் பேரில் தான் என்ன எழுதினோம் என்று அவளுக்கு நினைவிருந்தது. "உங்கள் பாட்டு இல்லாமல் வண்டி ஓடாது" என்று எழுதியிருந்தாள். அதற்குத்தான் அக்கா நன்றி சொன்னார். பாவம், அக்காவுக்குச் சாபம் எதுவும் வந்து சேரவே இல்லை. ஊர் இன்று கையெடுத்துக் கும்பிடுகிற பெருந்தன்மை, மத்தியானத்தில் ஒரு மேஜையில் உட்கார்ந்து தான் செய்த திருட்டு வேலை. இதை வெளியே சொன்னால் அக்கா ஒரு வேலைக்காரியிடம் நாலு வருஷம் ஏமாந்த பைத்தியக்காரி ஆகிவிடுவார். சொல்லாவிட்டால் அக்காவின் சாவின் மேல் தானும் ஒரு பொய்யை ஏற்றிவைத்ததாகும்.

இதற்கு நடுவில் மகள் நினைவுக் கூட்டம் ஏற்பாடு செய்தாள். ஞாயிற்றுக்கிழமை, பெரிய அரங்கம். பதில்களையெல்லாம் புத்தகமாகப் போட்டு அன்றைக்கு வெளியிடுவது. அம்மா எப்படி உட்கார்ந்து அந்தச் சாபங்களைப் படித்தாள், எப்படிப் பதில் எழுதினாள் என்று கூட இருந்து பார்த்த ஒரே ஆள் சித்திதான் என்பதால் சித்தி பத்து நிமிஷம் பேச வேண்டும். குண்டூசியின் படமும் பத்திரிகையில் வந்துவிட்டது, கடிதம் பிரித்த பெண் என்று.

வியாழக்கிழமை அவள் மனசைத் திடப்படுத்திக்கொண்டு மாடிக்குப் போனாள். மகளிடமாவது உண்மையைச் சொல்லிவிடுவது என்று. மகள் தரையில் புத்தகத்தின் அச்சுத் தாள்களைப் பரப்பி உட்கார்ந்திருந்தாள். அவள் பல் டாக்டர், தூரத்தில் வேறு ஊரில் கிளினிக். ஊர் திட்டின சமயத்தில் அவளும் பட்டிருக்கிறாள். சிகிச்சைக்கு வந்தவர்கள் நாற்காலியில் சாய்ந்து, பல்லைக் காட்டுவதற்கு முன்னால் அம்மாவைப் பற்றித்தான் கேட்பார்கள். பாதிப் பேர் வருவதை நிறுத்தினார்கள். அந்த நாலு வருஷத்தில் ஒன்றரை வருஷம் அவள் வீட்டுப் பக்கம் தலை வைத்துப் படுக்கவில்லை.

குண்டூசி "ஒரு விஷயம் சொல்லணும்" என்று ஆரம்பித்தாள். மகள் அவளை முந்திக்கொண்டாள். ஒரு பழைய உறையை எடுத்து நீட்டினாள்.

"இதை யாருக்கும் காட்டல, சித்தி. புத்தகத்துலயும் போடல. நானும் அம்மாவுக்கு ஒரு லெட்டர் எழுதினேன். இனிமே என்னை உன் மகள்னு யார்கிட்டயும் சொல்லாதேன்னு எழுதினேன். அதுக்கு அம்மா எழுதின பதில் இது."

உள்ளே மூன்று வரி. "உன் கடிதம் கிடைத்தது. இரண்டு நாளாக அதையேதான் படிக்கிறேன். உன் நாற்காலியை யாரும் எடுக்கவில்லை, வா."

"இதைப் படிச்சுட்டுத்தான் நான் திரும்பி வந்தேன்" என்றாள் மகள். "வந்தப்புறம் அந்த லெட்டரைப் பத்தி அம்மா ஒரு வார்த்தை பேசல. நானும் மன்னிப்புக் கேக்கல. கேக்க வேண்டியதே இல்லைன்னு நினைச்சேன். அவ்வளவையும் படிச்சுட்டுத்தானே வான்னு எழுதியிருக்கா."

மகள் எழுதின அந்தக் கடிதம் குண்டூசிக்கு நன்றாக நினைவிருந்தது. பிரித்துப் படித்தபோது, ஊரே திட்டியும் வராத அழுகை அன்றைக்கு வந்தது. அந்த ஒரு கடிதம் மட்டும் அக்கா கண்ணில் படவே கூடாது என்று, சாக்கின் அடி வரைக்கும் கையை விட்டு அதைப் புதைத்தாள். மகளின் கையெழுத்தில் வேறொன்று எழுதிக் குத்திக் கொடுத்தாள். அப்படியென்றால் அக்கா மன்னிக்கவே இல்லை. மன்னிக்க எதையும் படிக்கவில்லை. இதை இந்தப் பெண்ணிடம் எப்படிச் சொல்வது.

என்ன விஷயம் சித்தி என்று மகள் கேட்டாள். ஞாயிற்றுக்கிழமைக்கு என்ன உடுத்துவது என்று கேட்க வந்தேன் என்று சொல்லிவிட்டுக் குண்டூசி கீழே இறங்கி வந்தாள். வெள்ளிக்கிழமை முழுக்க அவள் எதிலும் கை வைக்கவில்லை. திருடனுக்குத் தேள் கொட்டினால் கத்தவும் முடியாது.

சனிக்கிழமை காலையில் ஒருவர் வந்து கேட்டுக்கு வெளியே நின்றார். எழுபது வயசிருக்கும். வலது கண்ணைச் சுற்றி வட்டமாக ஒரு தடம் பதிந்திருந்தது, ஆயுசு முழுக்கக் கண்ணாடி வில்லையை இடுக்கிக்கொண்டு உட்கார்ந்த தடம். கடிகாரம் ரிப்பேர் செய்கிறவர் என்று சொன்னார். பத்திரிகையில் படத்தைப் பார்த்து வந்தாராம். குண்டூசி அலுப்போடு, பதில் ஏதாவது வைத்திருந்தால் பத்திரிகை ஆபீசில் கொடுங்கள், புத்தகம் அச்சாகிவிட்டது என்றாள்.

"புத்தகத்துக்கு இல்லம்மா" என்றார் அவர். "இந்த லெட்டர் என் விலாசத்துக்கு வந்துச்சு. ஆனா என்னோடது இல்ல. உங்களோடது. அவங்க இருக்கற வரைக்கும் உங்களுக்குத் தெரியக்கூடாதுன்னு எழுதியிருந்தாங்க. காப்பாத்திட்டேன். இனிமே நான் வச்சிருக்கறது நியாயம் இல்ல."

சட்டைப் பையிலிருந்து ஓர் உறையை எடுத்தார். பையில் செருகியிருந்த பேனாவின் மூடி பச்சை. குண்டூசி அதைப் பார்த்தாள், அவர் முகத்தைப் பார்த்தாள். நாலு வருஷம் செவ்வாய்க்கிழமை தவறாமல் அவள் சண்டை போட்ட ஆள் இவர்தான். பார்த்தால் ஈ எறும்புக்குக்கூடத் தீங்கு நினைக்காதவர் மாதிரி நின்றார். உள்ளே வாருங்கள் என்றாள். அவர் வரவில்லை. வருகிற யோக்கியதை இல்லை என்று சொல்லி, கேட்டைப் பிடித்துக்கொண்டு அங்கேயே நின்றார். குண்டூசியும் அங்கேயே நின்று படித்தாள்.

"ஐயா,

உங்கள் நாற்பதாவது கடிதமும் வந்தது. எண்ணிக்கொண்டுதான் இருக்கிறேன். ஏன் பாடினாய் என்று நாற்பது தடவை கேட்டுவிட்டீர்கள். எனக்கே பதில் தெரியவில்லை. தெரிந்தால் முதலில் உங்களுக்குத்தான் எழுதுவேன்.

இப்போது ஓர் உதவி கேட்கிறேன். என் வீட்டில் கடிதம் பிரிக்கிற பெண் ஒருத்தி இருக்கிறாள். உங்கள் கடிதத்தை என் கண்ணில் காட்டாமல் எடுத்து வைத்துவிட்டு, உங்கள் கையெழுத்திலேயே நல்லதாக நாலு வரி எழுதி, அதே உறையோடு குத்தித் தருகிறாள். கடிதத்தில் இரண்டு துளை, உறையில் நாலு துளை. ஆயுசு முழுக்க ஊசி குத்துகிறவளுக்கு இதுகூடத் தெரியவில்லை, ஏமாற்றக் கிளம்பிவிட்டாள். முதல் நாளே பிடித்துவிட்டேன். மாடிப்படிக்குக் கீழே இருக்கும் சாக்கை டிரைவர் என் அறைக்குக் கொண்டுவந்து, நான் படித்து வேண்டியதை எடுத்துக்கொண்ட பிறகு சாக்கைப் பழையபடி வைத்துவிடுவார். உங்களுடையது மட்டுமில்லை, யாருடையதையும் விட்டதில்லை. அதனால் எழுதியது வீணாகப் போகிறது என்ற கவலை உங்களுக்கு வேண்டாம்.

திட்டுவதை நிறுத்தச் சொல்லவில்லை. ஆனால் அவள் மத்தியானம் சாப்பிடாமல் உட்கார்ந்து எழுதுகிறாள். உங்களுக்காகப் பச்சைப் பேனா வேறு வாங்கியிருக்கிறாள். நீங்களே தொடக்கத்தில் இரண்டு வரி நல்லதாக எழுதிவிட்டால் அவளுக்கு வேலை மிச்சம். அந்த இரண்டு வரியை நான் நம்பிவிட மாட்டேன், பயப்படாதீர்கள்.

நான் இருக்கிறவரை இது அவளுக்குத் தெரிய வேண்டாம். தெரிந்தால் வெட்கப்பட்டு நிறுத்திவிடுவாள். உங்கள் எல்லாருடைய கடிதங்களையும் படித்துவிட்டு நான் மறுநாள் எழுந்திருப்பது அவள் எழுதுகிற அந்த நாலு வரிக்காகத்தான்."

குண்டூசிக்கு இரண்டாம் தடவை படிக்க முடியவில்லை, கண் மறைத்தது. பச்சை மைக்காரர் மெதுவாக, "அதுக்கப்புறம் ரெண்டு வரி எழுதிட்டு இருந்தேன். உங்களுக்குச் சரியா வந்துச்சா?" என்று கேட்டார். வந்தது, வெட்டி ஒட்டிக் கொடுத்தேன் என்றாள் அவள். எத்தனை நாள் கழித்து அந்த இரண்டு வரி நிஜமாகவே தோன்ற ஆரம்பித்தது என்று அவரால் சொல்ல முடியவில்லையாம். நாளைக்கு அரங்கத்துக்கு வாருங்கள் என்று அவள் சொன்னாள். அவர் தலையாட்டிவிட்டுப் பூக்களை மிதிக்காமல் பார்த்து நடந்து போனார்.

அவள் மாடிக்கு ஓடினாள். அந்த வயசில் அவள் படியேறினதை ஓட்டம் என்றுதான் சொல்ல வேண்டும். மகளை உட்காரவைத்து, ஒன்றுவிடாமல் சொன்னாள். சாக்கு, பேனா, இடது கை, பஸ் டிரைவர், கடைசியாக அந்தக் கடிதம். கேட்கக் கேட்க மகளின் முகம் வெளுத்துக்கொண்டே போனது. பச்சை மைக்காரர் கொண்டுவந்த கடிதத்தைக் கொடுத்ததும் அதை இரண்டு தடவை படித்தாள். பிறகு எழுந்து போய், அம்மாவின் அலமாரியில் துணிகளுக்குப் பின்னால் இருந்த தகரப் பெட்டியை எடுத்து வந்தாள். கூட்டம் முடிந்தபிறகு திறக்கலாம் என்று வைத்திருந்தாளாம்.

பெட்டி நிறையக் கடிதம். குண்டூசி எழுதினது எல்லாமே இருந்தது. ஒவ்வொன்றின் பின்னாலும், சாக்கில் போட்ட நிஜக் கடிதம் திரும்பி வந்து சேர்ந்திருந்தது. சாபம், நல்ல வார்த்தை, உறை, மூன்றும் ஒரே குண்டூசியில். புதிதாக ஒரு துளைகூடப் போடவில்லை. பழைய துளையிலேயே ஊசியைப் பார்த்துப் பார்த்து நுழைத்திருந்தார் அக்கா, அந்தக் கண் தெரியாத வயசில்.

அடியில் மகளுடையது இருந்தது. மகள் தன் கடிதத்தைப் பிரிக்கவில்லை, அதில் இருப்பது அவளுக்கே மனப்பாடம். தன் பேரில் குண்டூசி எழுதினதைப் படித்தாள். "அம்மா, எனக்குக் கோபம் ஆறிவிட்டது. நீங்கள் சாப்பிட்டீர்களா?" என்று அதில் எழுதியிருந்தது.

"சித்தி, அம்மாவை நான் என்னிக்கு நீங்கன்னு கூப்பிட்டிருக்கேன்?" என்றாள் மகள். சிரித்துக்கொண்டே கேட்டவள் அப்படியே அழுதுவிட்டாள். குண்டூசி அவள் தலையை இழுத்துத் தன் தோளில் வைத்துக்கொண்டாள். சட்டைக் கையில் இருந்த ஊசி குத்திவிடப்போகிறதே என்று அப்போதும் அந்தக் கையை ஒருக்களித்து வைத்துக்கொண்டாள்.

ஞாயிற்றுக்கிழமை அரங்கம் வழிந்தது. மருந்துக்கடைக்காரர் முன்வரிசையில் இருந்தார். நாற்பத்து மூன்று பேரும் பாடகியின் பதில்களைச் சட்டம் போட்டு மடியில் வைத்திருந்தார்கள். ஒவ்வொருவராக ஏறி, தான் எவ்வளவு மோசமாகத் திட்டினோம் என்று பேசினார்கள், கைதட்டு வாங்கினார்கள். குண்டூசிக்குக் கொடுத்தது பத்து நிமிஷம். அவள் மைக்கைப் பிடித்துக்கொண்டு கூட்டத்தைப் பார்த்தாள். கேட்க நினைத்த கேள்விகள் நிறைய இருந்தன, ஒன்றையும் கேட்கவில்லை. கடைசி வரிசையில் ஓரத்தில் பச்சை மைக்காரர் உட்கார்ந்திருந்தார். மேடைப் படிக்குப் பக்கத்தில் மகள் நின்றுகொண்டிருந்தாள்.

"அக்கா எல்லாக் கடிதத்தையும் படிச்சாங்க" என்றாள் குண்டூசி. "ஒண்ணையும் விடல. உங்களோடதையும் படிச்சாங்க, என்னோடதையும் படிச்சாங்க."

அவ்வளவோடு மைக்கை வைத்துவிட்டாள். கூட்டம் எழுந்து நின்று கைதட்டியது, தங்களுக்காகத்தான் என்று நினைத்துக்கொண்டு. மகள் மேலே ஏறி வந்து அவள் கையைப் பிடித்துப் படியில் பார்த்து இறக்கினாள்.